கை வைத்த போர்வைக்கு என்ன வரி?

பெறுநர்: அமெரிக்கச் சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை, வாஷிங்டன்.
அனுப்புநர்: ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர், திருப்பூர்.
பொருள்: பனியனைப் போர்வையாக வகைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

எங்கள் யூனிட்டில் தைக்கும் பருத்தி டி-ஷர்ட்டை இனிமேல் 'கையும் கழுத்தும் உள்ள சிறு போர்வை' என்று கருதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முன்னுதாரணம் இருக்கிறது. ஸ்னக்கி என்று கை வைத்த போர்வை ஒன்று உங்கள் நாட்டில் சக்கைப்போடு போட்டது. அது உடை, 14.9 விழுக்காடு கட்டு என்றீர்கள். பாதிரியார் அங்கி மாதிரி இருக்கிறதே என்று உங்கள் தரப்பு வக்கீல்கள் வாதாடினார்கள். உங்கள் சர்வதேச வர்த்தக நீதிமன்றமோ, போர்வைதான், 8.5 போதும் என்று 2017-இல் தீர்ப்பெழுதிவிட்டது. முழுக்கை வைத்ததே போர்வை என்றால், அரைக்கை வைத்த எங்கள் சரக்கு ஏன் ஆகக்கூடாது?

மனு எழுதுவதற்காக உங்கள் துறையின் பழைய வழக்குகளைப் புரட்டினேன். ஆர்டர் இல்லாத நாளில் வேறென்ன வேலை? எக்ஸ்-மென் காமிக்ஸ் பொம்மை வழக்கைப் படித்துவிட்டுச் செக்கிங் பெண்களுக்கும் வாசித்துக் காட்டினேன். அன்று மனித உருவம் என்றால் பொம்மை, வரி 12. மனிதரல்லாத உருவம் என்றால் விளையாட்டுச் சாமான், வரி 6.8. மார்வெலைச் சேர்ந்த டாய் பிஸ் கம்பெனி கோர்ட்டுப் படியேறி, எங்கள் நாயகர்கள் மனிதர்களே இல்லை என்று வாதாடி, 2003-இல் ஜெயித்தது. நாங்களும் மனிதர்கள்தான் என்று காமிக்ஸ் முழுக்க மன்றாடிய பாத்திரங்களை, பெற்றவர்களே 5.2 விழுக்காட்டுக்குக் கைவிட்டார்கள். அந்தப் பொம்மைகள் செய்யப்பட்டதோ சீனாவில். இதில் எந்த அமெரிக்கத் தொழிலாளி காப்பாற்றப்பட்டார் என்று எங்கள் பவர் டேபிள் டெய்லர் கேட்டார். வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என்றேன்.

ஆனாலும் உங்கள் துறையின் தலைசிறந்த சாதனை கோழி வரிதான். உங்கள் கோழி மலிவாக வந்து குவிகிறது என்று பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் வரி போட்டன. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் ஆட்சி உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு டிரக் ஆகிய நான்குக்கும் 25 விழுக்காடு தீட்டியது. மற்ற மூன்றும் பின்னாளில் தப்பித்துவிட்டன. டிரக் மட்டும் மாட்டிக்கொண்டது. பயணிகள் காருக்கு 2025 வரை வெறும் 2.5 தான்.

இந்த வேலிக்குள் சுகமாக வளர்ந்த கம்பெனிகளில் ஃபோர்டு முக்கியமானது. அந்த ஃபோர்டே 2009 முதல், துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேனைப் பின்சீட்டு, சீட் பெல்ட், ஜன்னல் கண்ணாடி சகிதம் 'பயணிகள் வண்டி' என்று பால்டிமோர் துறைமுகத்தில் இறக்கியது. சுங்கம் தாண்டியதும் சீட்டைக் கழற்றி, ஜன்னலுக்குத் தகடு அடித்தால் சரக்கு வேன் தயார். கழற்றிய சீட்டு தூள் தூளாக்கப்படும். யாருமே உட்காராத சீட்டை ஒரு நாட்டில் தைத்து, கப்பலேற்றி, இன்னொரு நாட்டில் கிழிக்கிற வேலை! தையல்காரனாகச் சொல்கிறேன், நெஞ்சு பொறுக்கவில்லை. நீங்கள் 2013-இல் பிடித்தீர்கள், வழக்கு நீண்டது, 2024-இல் 36.5 கோடி டாலர் கட்டி ஃபோர்டு சமரசம் செய்துகொண்டது. வரி போட்டால் உள்நாட்டில் தொழில் வளரும் என்பதை இனி நான் மறுக்கமாட்டேன். சீட்டுக் கழற்றும் தொழில் வளர்ந்திருக்கிறதே.

வாஷிங் மெஷினைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 2018-இல் முதல் 12 லட்சம் மெஷினுக்கு 20, அதற்கு மேல் 50 விழுக்காடு என்று போட்டீர்கள். சாம்சங் தென் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் ஆலை திறந்தது உண்மை. சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது என்று பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். விலையும் சுமார் 12 விழுக்காடு ஏறியது. துணி உலர்த்தும் மெஷினுக்கு நீங்கள் வரியே போடவில்லை. ஜோடியாக விற்பதால் கடைக்காரர் அதன் விலையையும் ஏற்றிவிட்டார். கூட்டிக் கழித்தால் ஒரு வேலைக்கு உங்கள் மக்கள் கொடுத்த விலை வருஷத்துக்கு 8 லட்சம் டாலருக்கும் மேல். அதைச் சம்பளமாகவே கொடுத்திருந்தால் அந்த 1,800 பேரும் ஊர்த் துணியைக் கையாலேயே துவைத்துக் கொடுத்திருப்பார்கள்.

டெல்லியும் சளைத்ததல்ல. எங்கள் பக்கத்துக் கோயம்புத்தூரில் பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் தடவினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று 2024-இல் ஊரே சிரித்தது. விவசாயியைக் காக்கிறோம் என்று 2021 பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு 11 விழுக்காடு போட்டார்கள்; நூல் விலை ஏறினால் பனியன் விலையும் ஏறும் என்று மில்காரர் முதல் கைமடி உதவியாள் வரை கத்தியும் டெல்லிக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. நீங்கள் இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு என்று அறிவித்ததும் 2025 ஆகஸ்ட் 19 முதல் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். அந்த வகையில் உங்களுக்கு நன்றி.

இனி என் மனு. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 இருந்தது. அதன்மேல் 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சேர்த்தீர்கள். மனிதர் யாரும் வாழாத, பென்குவின்கள் வாழும் ஹேர்ட், மெக்டொனால்டு தீவுகளுக்கே 10 தான் போட்டீர்கள். அவை இந்தியாவைப் போல ரஷ்ய எண்ணெய் வாங்கவில்லை என்பது புரிகிறது. உங்கள் அட்டவணையில் ஏழை போடும் அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு 32, காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டருக்கு 4. பல பத்தாண்டுகளாக இப்படி வரி வாங்கியும் உங்கள் ஜனங்கள் உடுத்தும் துணியில் சுமார் 97 விழுக்காடு வெளிநாட்டில் தைத்ததுதான். 32-க்கு வராத தையல் வேலை 66.5-க்கு வந்துவிட்டதா?

வரியை இங்குள்ளவன் கட்டுகிறான் என்று உங்கள் ஊரில் பேச்சு. கட்டுவது உங்கள் இறக்குமதியாளர். அவர் போன் போட்டு, பாதியை நீ தாங்கு, இல்லாவிட்டால் ஆர்டரை நிறுத்து என்கிறார். தைத்து முடித்த பெட்டிகள் பேக்கிங் செக்‌ஷனில் நிற்கின்றன. ஒன்றரை ஷிப்ட் ஓடிய யூனிட்டில் அரை நாள்தான் மெஷின் ஓடுகிறது.

ஆகவே, போர்வைக் கோரிக்கையை நிராகரித்தாலும் பரவாயில்லை, ஒரு விவரம் மட்டும் தந்து உதவவும். எங்களிடமிருந்து போன ஆர்டரால் உங்கள் நாட்டில் எத்தனை பேர் தையல் மெஷினில் உட்கார்ந்தார்கள்? எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். 2025-இல் 20 விழுக்காடு மட்டும் விதிக்கப்பட்ட வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போயிருக்கும் என்று இப்போதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சிறு போர்வைகள் தயாரிப்பாளர், திருப்பூர்.