கட்டிப்பிடி, கால் மாற்று

கீமோ முடித்தவர்களே, செருப்பு காலில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். மாவு மில் வாசலில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிவந்து, "ஆன்ட்டி, உங்க செருப்பு" என்று நீட்டினான். "தெரியும்ப்பா, நான்தான் கழட்டி விட்டேன்" என்றேன். நடுரோட்டில்.

மார்பகப் புற்றுநோய்க்கு எனக்கு ஏற்றியது பாக்ளிடாக்ஸல். செல் இரண்டாகப் பிரிய உதவும் நுண்குழாய்களை அது முடக்கிவிடும். நரம்புக்குள் சரக்கு போய்வருவதும் அதே மாதிரிக் குழாய்த் தடத்தில்தான். அதனால் நரம்பும் சேர்ந்து அடி வாங்குகிறது. நீளமான நரம்புக்கு முதல் அடி. ஆகவே மரத்துப்போவது கால் விரலில்தான் ஆரம்பம். ஐந்தடியைத் தொடாத எனக்கு அப்படி என்ன நீளமோ!

"மதமதப்பு இருக்காம்மா?" என்று நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்பார். "லேசா" என்பேன். உள்ளதைச் சொன்னால் டோஸைக் குறைத்துவிடுவார்களே! பந்தியிலேயே இலையில் எதையும் மிச்சம் வைக்காதவள் நான்.

கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கும், ஆறு மாதம் தாண்டியும் 30 சதவீதம் பேருக்கும் இந்தத் தொல்லை இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். படிக்கிற காலத்தில் முதல் 30 சதவீதத்துக்குள் ஒருமுறைகூட வராதவள், இதில் வந்துவிட்டேன்.

"காலைச் சேர்த்து வச்சு, கண்ணை மூடி நில்லுங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். மூடினேன். திறந்தபோது அந்தப் பெண்ணின் தோளில் கிடந்தேன். பாதம் தகவல் அனுப்பாததால், இத்தனை நாளும் நான் கண்ணால்தான் நின்றுகொண்டிருந்தேனாம். இருட்டில் தடுமாறியதற்கெல்லாம் இன்வெர்ட்டர் வாங்காத கணவரை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

வலிக்கு டூலாக்ஸடின் உண்டு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டி பரிந்துரைக்கிற மாத்திரை அது ஒன்றுதான். தள்ளாட்டத்துக்கு உடற்பயிற்சி: குதிகாலைத் தூக்கு, இறக்கு, மறுபடியும் தூக்கு. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து மொத்தத்தையும் முடிப்பேன்.

அப்போதுதான் மகள் டாங்கோ சமாசாரத்தை அனுப்பினாள். ஓஹயோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் என்னைப் போன்றவர்களுக்கு அர்ஜென்டினா டாங்கோ சொல்லிக்கொடுத்து, தள்ளாட்டம் குறைகிறதா என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பார்க்கின்சன்ஸ்காரர்களுக்கு அதற்கு முன்பே ஆட்டம் தொடங்கியாயிற்று. விஷயம் இதுதான்: டாங்கோ அடிப்படையில் நடைதான். உடம்பின் பாரம் முழுக்க ஒரு காலில் இறங்கிய பிறகே மறு கால் நகரும். பின்னால் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், தாளத்தையும் கேட்க வேண்டும். விழப்போனால் பிடிக்க எதிரில் ஓர் ஆள் இருப்பது கூடுதல் வசதி. "வெறுங்காலோட மட்டும் ஆடாதீங்க" என்று பிசியோதெரபிஸ்ட் அனுமதி தந்தார்.

ஆள்தான் பிரச்சினை. கோயில் கூட்டத்தில்கூட என் கையைப் பிடிக்காமல் பத்தடி முன்னால் போகிறவர் என் கணவர். "ஏங்க, ஆடலாமா?" என்றதும் பேப்பரை மடித்து வைத்தார். ஹால் ஜன்னலைச் சாத்தி, ஷூ மாட்டி, தோளில் கை வைத்து முகத்தோடு முகம் பார்த்து நின்றோம். "கேஸை அணைச்சியா?" என்றார்.

அணைக்கவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்தார். "அப்புறமா வரேன்மா" என்று திரும்பிப் போய்விட்டார். அன்றைக்குப் பாத்திரம் நான்தான் தேய்த்தேன்.

மரத்துப்போன கால் மரத்துப்போனபடியேதான் இருக்கிறது. ஆனால் சோப்பு போட்டுக் கண்ணை மூடி முகம் கழுவும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வதில்லை. அந்த அளவுக்குத் தேறியிருக்கிறேன். நாங்கள் செய்வதை டாங்கோ என்று அர்ஜென்டினாக்காரர் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கணவருக்கு நரம்பெல்லாம் பிரமாதமாக வேலை செய்கிறது, மிதித்தால் அலறுகிறார். ஆகவே கால் மரத்த வாசகியர் யாராவது பக்கத்தில் இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள், ஜோடி சேரலாம். ஒருவரை ஒருவர் மிதித்தாலும் தெரியப்போவதில்லை. ஆடி முடித்ததும் பாதத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்வோம்.