சிஸ்டம் ஃபோல்டரில் ஒரு டைரி

விண்டோஸ் 98 காலத்தில் எங்கள் வீட்டுக் கணினி கூடத்தில்தான் இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் மேசை, மானிட்டருக்குத் துணி உறை, போகிறவர் வருகிறவர் எல்லோர் பார்வையும் படும் திரை. அக்கா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். தனியறை கிடையாது, பீரோ சாவி அம்மாவின் இடுப்பில். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் 'சி' டிரைவுக்குள் ஒரு ஃபோல்டர்.

பாஸ்வேர்ட் உதவாது. விண்டோஸ் 98 அதைக் கேட்கும்போது 'கேன்சல்' அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். அதனால் அக்கா டைரியை விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைத்தாள். அங்கே கைவைத்தால் கணினி கெட்டுவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். '.டாக்' என்ற வாலை '.டிஎல்எல்' என்று மாற்றிவிட்டால், இருமுறை கிளிக் செய்தாலும் வேர்டு திறக்காது. ப்ராப்பர்ட்டீஸில் 'ஹிட்டன்' கட்டத்தில் ஒரு டிக் போட்டால் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது அவளுடைய எழுத்துரு வித்தை. யூனிகோடு எங்கள் வீட்டுக்கு வராத நாள் அது. தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியாக்கம்; 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று பொதுக் குறியாக்கங்களை அறிவித்த பிறகும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில்தான் இருந்தன. தமிழில் எழுதி முடித்ததும் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து 'டைம்ஸ் நியூ ரோமன்' என்று மாற்றிவிடுவாள். திரை முழுக்கப் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். எழுத்துருவைத் திருப்பிப் போட்டால் தமிழ் வந்துவிடும்.

காட்டிக்கொடுக்கக்கூடியது ஸ்டார்ட் மெனு. அங்கே 'டாக்குமெண்ட்ஸ்' பட்டியலில் கடைசியாகத் திறந்த 15 கோப்புகளின் பெயர் நிற்கும். அதை அழித்துவிட்டுத்தான் அக்கா எழுந்திருப்பாள்.

ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், மறைத்தவை எல்லாம் தெரிந்துவிடும். அப்பாவுக்கு அது தெரியாததல்ல, அலுவலகத்தில் கணினியில் வேலை பார்த்தவர். தேடவில்லை, அவ்வளவுதான். அக்காவின் டைரியைக் காத்தது அவருடைய அந்தக் கண்ணியம் என்றே இன்றும் நம்புகிறேன்.

இன்று வீட்டில் ஆளுக்கொரு திரை. 'ஹிட்டன்' கட்டம் விண்டோஸ் 11இலும் அப்படியே இருக்கிறது, ஆனால் அதை நம்பி எதையும் வைக்க முடியாது. தேடல் பெட்டி கோப்பின் பெயரை மட்டுமல்ல, உள்ளே எழுதியதையும் படிக்கிறது. யூனிகோடு தமிழையும் படிக்கிறது. கணினியில் எவ்வளவு ஆழத்தில் ஒளித்தாலும், மேகக் கணக்கோடு இணைந்த ஃபோல்டர் என்றால் அதன் நகல் வேறொரு சாதனத்தில் தலைகாட்டும். இப்போது யாரும் தேடவே வேண்டாம், தானாக வந்து நிற்கிறது. எனக்கு இது கவலை தருகிறது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை வீட்டுக் கூடத்திலும் செல்ல வேண்டும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு.

ஆகவே என் மகளுக்கு மறைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, பூட்டக் கற்றுக்கொடுத்தேன். இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப்பில் கோப்புகளைச் சுருக்கும்போது '7இசட்' வடிவத்தைத் தேர்ந்தெடுத்து நீளமான கடவுச்சொல் கொடுக்க வேண்டும். கோப்புப் பெயர்களையும் பூட்டு என்ற கட்டத்தில் மறக்காமல் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளடக்கம் பூட்டியிருந்தாலும் பெயர்கள் வெளியே தெரியும். பூட்டிய பின் மூலக் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும். "பிள்ளைக்கு அப்படி என்ன ரகசியம்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அக்காவுக்கு இருந்த அதே ரகசியம்தான்: தன் மனதில் ஓடுவது.

வங்கி விவரம், பத்திர நகல், அப்பாவின் மருத்துவ அறிக்கைகள் இவற்றுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருளின் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். கடவுச்சொல் மறந்தால் அதைத் திறந்துகொடுக்க உலகத்தில் யாரும் இல்லை. அதனால் அந்தக் கடவுச்சொல்லையும், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி, ஓர் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன். அந்த உறை எங்கே இருக்கிறதென்று கணவருக்கும் மகளுக்கும் தெரியும்.