ஞாபக நிவாரணம்: பழைய கணிப்பொறி ஆட்டத்தை மீண்டும் ஆடுவது பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு முறை ஆடி முடித்த கணிப்பொறி ஆட்டத்தை இருபது வருஷங் கழித்து மறுபடியும் ஆடப் புகுகிறவனுக்குப் பகைவன் யார் என்று வினவினால், ஆட்டத்தின் உள்ளே திரியும் மந்திரவாதியையோ டிராகனையோ சுட்டிக்காட்டுவது மேலோட்டமான விடையாகும். அவனுக்கு வாய்த்த மெய்ப்பகைவன் அவனுடைய ஞாபகமே என்பதும், அந்த ஞாபகத்தைத் தணிக்கும் பொருட்டே ‘மாட்’ என்று ஆட்டக்காரர்கள் வழங்கும் செருகல்கள் தோன்றின என்பதும் இக்கட்டுரையின் சித்தாந்தம். இதைப் படிப்பதற்கு உரிய அதிகாரி, ஆட்டத்தை ஒரு முறையேனும் முழுதும் ஆடி முடித்தவன். முதல் முறை ஆடுகிறவன் பரம பாக்கியசாலியாதலால் அவனுக்கு இந்தச் சாஸ்திரத்தால் ஆவது ஒன்றுமில்லை.

ஆராய்ச்சி என்றால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். கனடா தேசத்து எட்மண்டன் நகரில் பயோவேர் என்ற நிறுவனத்தார் 1998-இல் சமைத்தளித்த ‘பால்டர்ஸ் கேட்’ என்ற ஆட்டத்துக்குத் தொடர்ச்சியாக, 2000-ஆம் ஆண்டில் நான்கு குறுந்தகடுகளில் வெளிவந்த இரண்டாம் பாகத்தையும், மறு ஆண்டில் அதற்கு முடிவுரையாக வந்த ‘த்ரோன் ஆஃப் பால்’ என்ற பகுதியையும் எல்லையாகக் கொண்டோம். கதாநாயகனையும் சேர்த்து ஆறு பேர் அடங்கிய ஒரு கூட்டம், ஆம்ன் நாட்டுத் தலைநகராகிய அத்கட்லாவில் அலைந்து, இரெனிக்கஸ் என்னும் மந்திரவாதியால் விளைந்த தீமைகளுக்குப் பரிகாரம் தேடுவதே கதை. அந்த நகரில் அரசாங்க லைசென்ஸ் இல்லாமல் மந்திரம் ஓதுவது குற்றம். லைசென்ஸுக்குக் கட்டணம் 5,000 பொன். டிராகன்களும் பேய்களும் நடமாடும் கற்பனை உலகத்தில் இத்தனை உலகியல் உண்மையைப் பொருத்தி வைத்தவர்களுடைய மேதையை நாம் எவ்வளவு வியந்தாலும் தகும்.

இனி, ஞாபகம் செய்யும் கேட்டைப் பார்ப்போம். முதல் முறை ஆட்டத்தில் கதாநாயகன் இரெனிக்கஸின் நிலவறையில் ஒரு கூண்டுக்குள் கண் விழிக்கும்போது, ஆடுகிறவனும் அவனோடு கண் விழிக்கிறான். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று இருவருக்கும் தெரியாது. அந்த நிலவறையிலேயே யோஷிமோ என்ற திருடன் தானாக வந்து கூட்டத்தில் சேர்ந்து, பூட்டுத் திறந்தும் கண்ணி அகற்றியும் உபகாரம் செய்து, எல்லோருடைய பிரியத்தையும் சம்பாதித்துக்கொண்ட பிறகு, ஸ்பெல்ஹோல்ட் என்ற தீவுச் சிறையில் கூட்டத்தைக் காட்டிக் கொடுக்கிறான். முதல் ஆட்டத்தில் அது இடி விழுந்தாற்போல் இருக்கும். இரண்டாம் ஆட்டத்திலோ, அந்தத் தீவை நெருங்குமுன் ஆட்டக்காரன் யோஷிமோவின் வாள், கவசம், மோதிரம் முதலான சகல உடைமைகளையும் சாவதானமாகக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, துரோகத்தை எதிர்நோக்கி அவனை வெறுங்கையனாக அழைத்துச் செல்கிறான். இது விவேகந்தான், ஆனால் யோஷிமோவின் துரோகத்தைக் காட்டிலும் இது இழிந்தது என்று சொல்லத் தயங்க மாட்டோம்.

இவ்வாறே விண்ட்ஸ்பியர் குன்றுகளின் அடியில் வசிக்கும் ஃபிர்க்ராக் என்னும் செந்நிற டிராகன், வந்தவர்களிடம் முதலில் மரியாதையாகப் பேசுகிறது. சண்டைக்கு இழுத்தாலன்றித் தானாகத் தாக்குவதில்லை. பழகிய ஆட்டக்காரனோ, அது பேசாமல் நிற்கும் சமயம் பார்த்து, அதன் காலடியிலேயே திருடனைக் கொண்டு கண்ணிகளை வரிசையாகப் பதித்துவிட்டு, அதன் பின்னரே வம்புக்கு நிற்கிறான். ஞாபகம் மனிதனை அறிஞனாக்கும் என்பர். இந்த ஆட்டத்தைப் பொறுத்த வரையில் அது அவனைக் கயவனாக்குகிறது.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழும். பழையது புளித்துவிட்டதானால் புதிய ஆட்டம் ஒன்றை ஆடக் கூடாதா, 2023-இல் மூன்றாம் பாகமே வந்துவிட்டதே என்பர். புதிய ஆட்டத்தில் புதுமை இருக்கிறது, பழமை இல்லை. மறு ஆட்டக்காரன் வேண்டுவது இரண்டையும். ஊரும் தெருவும் பழையனவாகவே இருக்க வேண்டும், ஆனால் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியாதிருக்க வேண்டும். அசாத்தியமான இந்த ஆசையை ஓரளவுக்கேனும் சாத்தியமாக்குவது மாட் ஒன்றே.

மாட் என்பது லட்சணத்தால் ஓர் இடைச்செருகல். கம்பராமாயணத்தில் வெள்ளிப் பாடல்கள் என்று ஒரு தொகுதியைப் பிரித்தெடுத்து அவற்றை நீக்குவதிலே நம் பதிப்பாசிரியர்கள் எவ்வளவு பிரயாசைப்பட்டார்களோ, அவ்வளவு பிரயாசையை மாட் செய்கிறவர்கள் நுழைப்பதிலே செலவிடுகிறார்கள். இதில் பதிப்பியல் அறிஞர்களையும் மயங்கவைக்கும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் பாகத்தின் கதாசிரியர்களுள் ஒருவரான டேவிட் கைடர், முடிவுரைப் பகுதியின் இறுதிப் போர் தாம் விரும்பிய அளவில் அமையவில்லை என்ற குறையினால், ‘அசென்ஷன்’ என்ற மாட்டைத் தாமே செய்து வெளியிட்டார். மூலத்தில் கொன்றே தீரவேண்டிய பால்தசார் என்ற துறவி, இதில் மனம் மாறிக் கதாநாயகனோடு தோள் சேரலாம். முன்பு வீழ்ந்த பகைவர்களோ இறுதிப் போரில் மீண்டும் எழுந்து வருகிறார்கள். ஆசிரியரே நுழைத்த இடைச்செருகல் இடைச்செருகலாகுமா, அல்லது அதுவே மூலமாகி, நிறுவனம் விற்ற பிரதிதான் பாடபேதமாகுமா? நம் அபிப்பிராயம் பின்னதே. அசென்ஷன் இல்லாத பிரதியைச் சிதைந்த ஏடாகக் கருதுவதில் தவறில்லை.

மாட்களுள் ஞாபகத்தை நேருக்கு நேர் நின்று வெல்லுவது ‘ஸ்வோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜெம்ஸ்’ என்பது. இது புதிய ஊரையோ புதிய கதையையோ சேர்க்க வந்ததன்று. எதிரிகளுக்குப் புத்தியைக் கொடுப்பதே இதன் தலையாய கிருத்தியம். மூலத்து மந்திரவாதி, நாம் அவனுடைய அறைக்குள் நுழைந்த பிறகுதான் யோசிக்கவே தொடங்குவான். இந்த மாட்டுக்கு ஆட்பட்டவனோ, உடம்பைக் கல்லாக்கும் மந்திரம் முதலாகக் காப்புகள் பலவற்றையும் முன்னரே ஓதிக்கொண்டு, நம்மில் எவன் மந்திரவாதி என்று பார்த்து அவன்மேல் முதலில் பாய்கிறான். மூலத்தில் மருந்துப் புட்டியை இடுப்பிலே கட்டிக்கொண்டு அதைக் குடிக்காமலே செத்துப்போன சிப்பாய்கள், இதில் காயம் பட்டவுடன் குடிக்கிறார்கள். டிராகன்களுக்குத் தனியாகவும், ஒற்றைப் பெருங்கண் பூதங்களுக்குத் தனியாகவும், மூளை தின்னும் பிசாசுகளுக்குத் தனியாகவும் புத்தி வழங்கப்பட்டிருக்கிறது. இதனால் விளையும் பலன் மிக நுட்பமானது: எந்த அறையில் எவன் நிற்கிறான் என்ற ஞாபகம் ஆட்டக்காரனிடம் அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த ஞாபகத்தை நம்பி உள்ளே போனவன் அடிபடுகிறான். தன் ஞாபகத்தைத் தானே சந்தேகிக்கத் தொடங்கும் இந்த நிலையே பரிபாகத்தின் முதற்படி.

இரண்டாவது மார்க்கம் புதிய தோழர்களைச் சேர்ப்பது. உஸ்ட் நாதா என்ற பாதாள நகரில் சோலாஃபெயின் என்றொருவனைக் கொன்று வரும்படி கதாநாயகனுக்குக் கட்டளை பிறக்கும். மூலத்தில் அவனைக் கொல்லலாம், அல்லது ரகசியமாகத் தப்பவிடலாம், அதற்குமேல் வழியில்லை. வெஸ் வைமர் என்பவர் செய்த மாட்டில் அவன் தோழனாகவே கூட வந்துவிடுகிறான். அந்நாள் முதல் தோழர்கள் பெருகிவிட்டார்கள். மூல ஆட்டத்தில் ஆண் கதாநாயகன் காதலிக்க மூன்று பெண்கள் இருக்க, பெண் கதாநாயகிக்கு அனோமென் என்ற ஒருவனே கிடைத்தான் என்ற அநீதியும் இவர்களால் பெரிதும் தீர்ந்தது. புதிய தோழனுக்கு அந்த ஊர் புதிது. அவன் வியக்கும்போது நாமும் பக்கத்தில் நின்று கொஞ்சம் வியந்துகொள்ளலாம். குற்றமும் உண்டு. இவர்களிற் பலர் வாயாடிகள். கடிகாரக் கணக்குப்படி பேச்சைத் தொடங்குவதனால், சாக்கடைச் சுரங்கத்தில் பிசாசுகளுக்கு நடுவே நிற்கும்போது தம் பால்யத் துயரங்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மூலத்திலேயே ஏரி என்ற சிறகிழந்த பெண்ணுக்கு இவ்வியல்பு உண்டாகையால், மாட் செய்தவர்களை மட்டும் நொந்து பயனில்லை.

மற்றவை சில்லறை. திரையை அகலமாக்கும் மாட்டைப் போட்டால் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், ஆனால் அதில் நடமாடும் ஆளைக் காணப் பூதக்கண்ணாடி வேண்டும். எல்லாவற்றையும் வெட்டும் வாளைக் கொடுக்கும் மாட்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதில்லை, நாமும் பேசவில்லை. முதல் நிலவறையைத் தாண்டிக் குதித்து நேரே நகரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் ‘டஞ்சன் பீ கான்’ என்ற மாட் ஞாபகத்தை வெல்லுவதற்குப் பதிலாக அதனோடு சமாதானம் செய்துகொள்ளுவதால், சாஸ்திர நோக்கில் அது ஒரு தோல்வியே. ஆயினும் அந்த நிலவறையைப் பல முறை கடந்தவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுவதை எந்தச் சாஸ்திரமும் தடுக்க முடியாது.

இனிப் பிரயோக முறை. மேற்சொன்ன வைமர், பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில் ‘வெய்டு’ என்ற கருவியையும் செய்து உதவினார். இந்த ஆட்டத்துக்குரிய மாட்கள் பெரும்பாலும் அதன் வழியாகவே உள்ளே புகுகின்றன. பிறர் எழுதிய நிரலைப் பழுது பார்ப்பதில் இளமையிலே ருசி கண்ட அவர், பிற்காலத்தில் பேராசிரியராகி, நிரல்கள் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும் வழியை ஆராய்ந்து புகழ் பெற்றது இயல்பே. வெய்டு ஒரு கறுப்புத் திரையில் தோன்றி, ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி, இதைப் போடவா விடவா என்று கேட்கும். ஒவ்வொரு விடையையும் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். வரிசைதான் இங்கே பிராணன். எதிரிக்குப் புத்தி கொடுக்கும் மாட்டைக் கடைசியை ஒட்டிப் போட வேண்டும். முன்னதாகப் போட்டால் பின்னால் வரும் எதிரிகள் மூடர்களாகவே இருந்துவிடுவார்கள். நடுவிலுள்ள ஒன்றைப் பிடுங்க நினைத்தால், வெய்டு அதற்குப் பின் போட்டவற்றையெல்லாம் தலைகீழ் வரிசையில் கழற்றி, வேண்டாததை எடுத்துவிட்டு, மீதியை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பூட்டும். அதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்துபோவதும் உண்டு.

இவ்விடத்தில்தான் பெரிய உபத்திரவம் தோன்றுகிறது. பட்டியல் தயாரித்து, வரிசை ஆராய்ந்து, எல்லாவற்றையும் பூட்டி முடித்துக் கூண்டில் கண் விழித்த ஆட்டக்காரன், நிலவறையைத் தாண்டு முன்னரே, போடாது விட்ட ஒரு மாட்டை நினைத்துக்கொள்ளுகிறான். முன்பே போய்வந்த இடங்களின் நிலை சேவ் கோப்பில் உறைந்துவிடுவதனால், இடையில் போட்ட மாட் அங்கெல்லாம் பலிக்காது. ஆகவே முழுவதையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறான், மறுபடியும் தொடங்குகிறான். இந்த வியாதிக்கு ஆட்டக்காரர்கள் ‘ரீஸ்டார்ட்டைட்டிஸ்’ என்று வைத்திய பரிபாஷையிலேயே பெயரிட்டிருக்கிறார்கள். பயோவேரை 1995-இல் தொடங்கியவர்களுள் சிலர் வைத்தியப் பட்டம் பெற்றவர்களாயிருந்தும் இதற்கு மருந்து சொல்லாமல் போனது வருத்தத்துக்குரியது. ஆட்டத்தை விடப் பட்டியலிலே இன்பம் காணும் நிலைக்கு வந்துவிட்டவனை நாம் நிந்திக்கவில்லை. அவனுக்கு ஞாபகத் தொல்லை அறவே நீங்கிவிட்டது. நிலவறைக்கு அப்பால் என்ன இருந்தது என்பதே அவனுக்கு மறந்துபோய்விட்டது.

ஆனால் ஆடியே தீருவது என்று உறுதி கொண்ட வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இவ்வளவுதான்: ஆட்டத்தின் கோப்புறை முழுவதையும் முதலில் நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள்; அசென்ஷனைப் போடுங்கள்; தோழன் ஒருவனை, ஒருவனை மட்டும், சேர்த்துக்கொள்ளுங்கள்; எதிரிகளுக்குப் புத்தி கொடுப்பதைக் கடைசியில் வையுங்கள்; யோஷிமோவின் உடைமைகளில் கை வைக்காதீர்கள்.