பீன்ஸுக்கு மூடி போடலாமா?

காய்கறிக் கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடிப்பவரைக் கடைக்காரர் முறைப்பதோடு நிறுத்திக்கொள்வார். பீன்ஸை ஒடிப்பவருக்குத் திட்டு நிச்சயம். வெண்டைக்காயில் போவது நுனி மட்டும். பீன்ஸில் பாதிக் காயே போய்விடுகிறதே! ஆனால் ஒடிக்காமல் வாங்கினால் வீட்டில் திட்டு. பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து கொடுத்தால் பறித்து நாளாயிற்று. விதை புடைத்துக்கொண்டு வெளியே தெரிந்தால் பொரியலுக்கு ஆகாது. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்று, சென்னைப் புறநகரில் அடுப்படிப் பொறுப்பேற்றிருக்கும் நம்மவர், கடைக்காரர் தராசைப் பார்க்கும் நேரமாகப் பார்த்து ஒன்றே ஒன்றை ஒடிக்கிறார். ஒடித்ததையும் தன் கூடையிலேயே போட்டுக்கொள்கிறார். கணக்கு நேராகிவிடுகிறது.

அடுத்தது நார். நியூயார்க் மாகாணத்தின் லீராய் என்ற ஊரில் கால்வின் கீனி என்பவர் 1894-லேயே நாரில்லாத பீன்ஸை உருவாக்கிவிட்டார். செய்தி இன்னும் எல்லாக் கொடிகளுக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. காம்பைக் கிள்ளி முதுகோடு இழுத்தால் நூல் வருகிற காய்கள் இன்றும் சந்தைக்கு வருகின்றன. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே நம்மவர் கிள்ளிய காய்களில் பாதிக்குக் காம்பு அப்படியே இருக்கும். எத்தனை காம்பு தப்பியது என்பதை வைத்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று வீட்டம்மா சொல்லிவிடுவார்.

உண்மையான சண்டை காய் அடுப்பில் ஏறிய பிறகுதான். மூடி போடலாமா, கூடாதா?

“மூடி வெச்சா சீக்கிரம் வெந்துடும், கேஸும் மிச்சம்” என்பது நம்மவர் கட்சி. “மூடி வெச்சா கலர் செத்துடுங்க” என்பது வீட்டம்மா கட்சி. விஞ்ஞானம் வீட்டம்மா பக்கம். பச்சையத்தின் மூலக்கூறு நடுவே ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் காயின் செல்கள் உடைந்து உள்ளேயிருக்கும் அமிலம் வெளியே வந்ததும், மெக்னீசியத்தைக் கிளப்பிவிட்டு அங்கே ஹைட்ரஜன் உட்கார்ந்துகொள்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்கிற கதைதான். பச்சை போய்க் காக்கி வந்துவிடும். இந்த அமிலத்தில் ஒரு பங்கு ஆவியோடு பறந்துவிடக் கூடியது. மூடி போட்டால் பாவம், அது எங்கே போகும்? மேலே முட்டி, சொட்டுச் சொட்டாகத் திரும்பவும் காயின் தலையிலேயே விழுகிறது.

ஆகவே வாயகன்ற பாத்திரம், தாராளமாகத் தளதளவென்று கொதிக்கும் உப்புத் தண்ணீர், பொடியாக நறுக்கிய காய், ஐந்தாறு நிமிடம். போட்ட சற்று நேரத்திலேயே பச்சை முன்னைவிடப் பளிச்சென்று ஆகும். செல்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறி, நிறம் மறைவில்லாமல் தெரிவதால் அது. அந்த அழகில் மயங்கி இறக்கிவிட்டால் பல்லுக்கு வேலை. இரண்டு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு வடிப்பதே உத்தமம். வடித்த தண்ணீர் சாம்பாருக்கு ஆகும்.

“ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுங்க சார், ஹோட்டல் மாதிரி பச்சைப் பசேல்னு இருக்கும்” என்றார் காலை நடைப்பயிற்சி நண்பர் ஒருவர். நம்மவருக்குச் சிட்டிகை கொஞ்சம் தாராளம். பச்சை நின்றது, காய் நிற்கவில்லை. சோடாவின் காரத்தன்மை (மிளகாய்க் காரமல்ல) செல்சுவரை இளக்கிக் காயைக் குழைத்துவிடும். பி1 வைட்டமினையும் ஒழித்துக்கட்டும். போதாக்குறைக்கு அவர் வழக்கம்போல் மஞ்சள்தூளையும் தூவிவிட்டார். காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும். ஓரமெல்லாம் செம்மை படர்ந்த வாணலியை எட்டிப் பார்த்த வீட்டம்மா, “பொரியல் பண்ணச் சொன்னா ஆரத்தி கரைச்சு வெச்சிருக்கீங்க” என்றார். ஆரத்தித் தட்டிலும் அதே மஞ்சள்தான். சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு.

புளி இதற்கு நேர் எதிர். புளித்தண்ணீரில் போட்டால் நிறமும் போகும், காயின் விறைப்பும் லேசில் போகாது. எலுமிச்சை பிழிய ஆசைப்பட்டால் இறக்கிய பிறகு பிழியலாம்.

தாளிப்புக்குத் தேங்காய் எண்ணெய். கடுகு முழுக்க வெடித்த பிறகே உளுத்தம்பருப்பு. அது சிவந்ததும் கிள்ளிய மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை. பீன்ஸ் நன்றாக நீர் வடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பாடுபட்டு வறுத்த உளுத்தம்பருப்பு ஊறிப்போய்விடும். தேங்காய்த் துருவல் அடுப்பை அணைத்த பின். தேங்காய் விஷயத்தில் இந்தக் கட்டுரை நடுநிலை வகிக்காது: கால் கிலோ காய்க்கு ஒரு கைப்பிடி துருவலாவது விழாவிட்டால் அது பொரியல் இல்லை, பத்தியம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஒரு படி மேலே போய், பீன்ஸை (அவர்கள் வாயில் அது போஞ்சி) தேங்காய்ப்பால் விட்டுப் பால்கறியாகவே வைத்துவிடுகிறார்கள்.

இத்தனை உபசாரம் செய்தும் சில வீடுகளில் பீன்ஸுக்கு இன்னும் முழுக் குடியுரிமை கிடைக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து ஐரோப்பியர் வழியாக உலகம் சுற்றிய காய் அது. ‘இங்கிலீஷ் காய்’ என்று பெயர் வாங்கியதால் திவசச் சமையலில் கேரட், கோஸோடு சேர்த்து அதையும் ஒதுக்கிவிடுவார்கள். அவரை, கொத்தவரை, வாழைக்காய், பாகல்தான் அன்றைக்கு. மிளகாய்க்கும் அன்று விடுமுறை, மிளகுதான். மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே என்பதால் பீன்ஸுக்குத் துணையாவது இருக்கிறது. அதே வீட்டுக் கல்யாணத்தில் பீன்ஸ் பருப்பு உசிலி இல்லாவிட்டால் சம்பந்தி முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்!

அந்த உசிலியைத்தான் நம்மவர் சமீபத்தில் கையிலெடுத்தார். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் மிளகாய் வற்றலோடு ஊறி, தண்ணீர் அதிகம் விடாமல் கொரகொரப்பாக அரைபட்டு, இட்லித் தட்டில் வெந்து, ஆறிய பிறகு உதிர்க்கப்பட்டன. சூட்டோடு உதிர்த்தால் கட்டி கட்டியாக நின்றுவிடும். பிறகு தாராளமாக எண்ணெய் விட்டு, பருப்பு மொறுமொறுக்கும் வரை பொறுமையாகப் புரட்டி, மூடியில்லாமல் வெந்த பீன்ஸைச் சேர்த்தார். பக்கத்தில் மோர்க்குழம்பு. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கரண்டியும் கையுமாக நம்மவர் பாராட்டுக்குக் காத்து நின்றார்.

“பிரமாதம் மாப்பிள்ளை. இதையே கொத்தவரங்காயில பண்ணியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.”