தலைக்கு மேல் ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
இருசக்கர வாகன ஓட்டி (தலைச் சுற்றளவு 58 செ.மீ.),
ஆதம்பாக்கம், சென்னை.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்தியத் தர நிர்ணய அமைவனம்,
மானக் பவன், புது தில்லி.

பொருள்: ஹெல்மெட்டில் கேமராவை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் குடிமகன் ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்வது – தொடர்பாக.

பார்வை: 1) மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 129. 2) தங்களின் ஹெல்மெட் தரம் ஐஎஸ் 4151. 3) என் கேமராவின் பார்வை: பெட்ரோல் டேங்க் மூடி, 47 நிமிடம்.

ஐயா / அம்மையீர்,

தரமணியில் தங்களுக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போய்வரும் தூரம்தான் என்பதும் தெரியும். ஆனால் விஷயம் தலை சம்பந்தப்பட்டது. ஆகவே தலைமை அலுவலகத்துக்கே எழுதுகிறேன்.

முதலில் கேமரா வந்த கதை. போன வருஷம் வேளச்சேரியில் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த கார் ஒன்று நின்றுகொண்டிருந்த என் வண்டியின் முன்சக்கரத்தில் இடித்தது. இறங்கி வந்தவர், நான்தான் வந்து மோதினேன் என்று அடித்துப் பேசினார். கூடிய நான்கு பேரில் இரண்டு பேர் அவருக்குச் சாட்சி சொன்னார்கள், மற்ற இரண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள், அதுவும் இடித்த பிறகு. கடைசியில் 1,500 ரூபாய் நான் கொடுத்துவிட்டு வந்தேன். "ஆதாரம் இல்லாம ரோட்டுல இறங்கக் கூடாதுப்பா" என்று பையன் என் பிறந்தநாளுக்கு ஆக்‌ஷன் கேமரா வாங்கிக் கொடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், எடை 150 கிராம் சொச்சம். "ரெண்டு கண்ணையும் ஒழுங்காத் திறந்து ஓட்டினாப் போதாதா, நெற்றிக்கண் வேற வேணுமாக்கும்" என்றாள் மனைவி. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கேமரா இருந்தால் போதாது, அதைத் தாங்க மவுண்ட் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் மவுண்ட் என்றால் ரயில்வே ஸ்டேஷன். "மவுண்ட் வாங்கப் போறேன்" என்று மாடிப்படியில் சொன்னதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் – நிலத் தரகர் – "சதுர அடி என்ன விலைக்கு வருது சார்?" என்று ஆவலாகக் கேட்டார்.

கடையில் இருந்த தம்பிக்கு இருபது வயதிருக்கும். உச்சியில் ஒட்டுவது, பக்கவாட்டில் ஒட்டுவது, தாடையில் வாரால் கட்டுவது, தாடையிலேயே ஒட்டுவது என்று கண்ணாடி மேசையில் வரிசையாகப் பரப்பினான். எல்லாவற்றிலும் கோப்ரோக்காரர்கள் பழக்கிவிட்ட அதே கொக்கி: இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் மூன்று விரல், கைகோத்துக்கொண்டதும் குறுக்கே ஒரு திருகாணி.

"எந்த யூடியூபர் மாதிரி வேணும்ணா?"

"எனக்கு சாட்சிக்குத்தான் தம்பி."

அப்படி ஒரு வாடிக்கையாளரை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. என் வயதைக் கணக்குப் போட்டான். எது பாதுகாப்பு என்று கேட்டேன்.

"எல்லாமே சேஃப்டிதாண்ணா. கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது."

ஐயா, இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவனே உச்சியில் ஒட்டிக் கொடுத்தான். "ரெண்டு நிமிஷம் அமுக்கிப் பிடிச்சுட்டுக் கிளம்பலாம்ணா. ஹெல்மெட் பேந்தாலும் பேந்துடும், இது பேராது." பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டை நான் வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ஒட்டி 24 மணி நேரம் விட வேண்டுமாம். எண்ணெய்ப்பிசுக்கு இல்லாமல் துடைத்த மழமழப்பான பரப்பில் மட்டும் ஒட்ட வேண்டுமாம். என் ஹெல்மெட் மேட் ஃபினிஷ்.

கண்ணாடியில் பார்த்தால் கோபுரக் கலசம் மாதிரி இருந்தது. மணிக்கு 60-ஐத் தாண்டினால் யாரோ பின்னாலிருந்து குடுமியைப் பிடித்து இழுக்கிற உணர்வு. வாசலில் நுழைகிறபோதெல்லாம் நிலையில் இடித்தது. மூன்றாம் நாள் ஜிஎஸ்டி ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, ஒரு லாரியை முந்தியபோது தலை திடீரென்று இலேசானது. பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி. அரை கிலோமீட்டர் போன பிறகுதான் காரணம் புரிந்தது. தேடினால், சாலை நடுவே வளர்த்திருக்கும் அரளிச் செடிக்குள் கேமரா மல்லாந்து கிடந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை: வானம் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது, அரளிப்பூ வருகிறது, தூரத்தில் நான் என்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பக்கவாட்டு மவுண்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் கழுத்து ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் நான் எதையோ ஒட்டுக்கேட்பதாக நினைத்தார்கள்.

அப்புறம் தாடை. மோட்டோ வ்லாக் எடுக்கிற பையன்கள் பெரும்பாலும் தாடையில்தான் மாட்டுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கேமரா கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், ஹேண்டில்பாரும் கையும் படத்தில் விழும், தலை திரும்பும் பக்கம் அதுவும் திரும்பும், காற்றும் அவ்வளவாக இழுக்காது. நான் வாங்கியது வார் போட்டுக் கட்டுகிற வகை. ஹெல்மெட்டின் தாடைப் பகுதியிலுள்ள காற்றுத் துளைக்குள் விட்டு வாரை இறுக்க வேண்டும். காற்றுத் துளை அடைபட்டால் மூச்சுக்காற்று வைசரில் படியும் என்பதைக் கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியில் அதிகாலை ஐந்தரை மணிக்குக் கற்றுக்கொண்டேன். மலை தெரியவில்லை. வைசரைத் தூக்கிவிட்டு ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவில் கேமரா 'ஆமாம்' என்று தலையாட்டியது. இரண்டாவதில் தலைகுனிந்தது. அதன்பின் நிமிரவே இல்லை. உச்சிக்குப் போய் இட்லி சாப்பிட்டுக்கொண்டே போட்டுப் பார்த்தேன். மேகமில்லை, பள்ளத்தாக்கில்லை. மேலே பார்வை 3-இல் குறிப்பிட்ட டேங்க் மூடியும், வளைவுக்கு வளைவு அதன்மேல் வந்து வந்து சாயும் என் தொப்பையும்தான். அதில் எழுபது வளைவுகளையும் துல்லியமாக எண்ணலாம்.

கடைசியாக, ஹெல்மெட்டின் தாடை வளைவுக்கென்றே அச்சில் வார்த்த ஒட்டும் மவுண்ட். இந்த முறை ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, 24 மணி நேரம் பூஜையறையில் வைத்து, பிறகுதான் எடுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

ஹெல்மெட்டை ஏன் உருண்டையாகச் செய்கிறார்கள் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விழுந்தால் தரையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதற்காக. தேங்காயை உருட்டினால் உருண்டு போகிறது. அதிலேயே ஓர் ஆணியை அடித்து உருட்டினால் ஆணி தரையில் ஊன்றிக்கொள்ளும், தேங்காய் திருகும். இங்கே திருகுவது கழுத்து. அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 218 என்று ஒரு விதி: ஹெல்மெட்டின் வெளிப்புறத்தில் கெட்டியாக எதுவும் 5 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது. துருத்துவதும் அத்தியாவசியமான பாகமாக இருந்தால்தான். என் கேமராவின் உயரம் மட்டுமே 5 சென்டிமீட்டர். ஐரோப்பாவின் 22.06 விதியில் சாய்வாக மோதவிட்டு, தலை எவ்வளவு திருகுகிறது என்று அளக்கும் சோதனையே இருக்கிறது. கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்ஸின் மெரிபெலில் பனிச்சறுக்கில் விழுந்தபோது அவர் ஹெல்மெட்டிலும் ஒரு கேமரா இருந்தது. அதன் பதிவை விசாரணைக்காரர்கள் பார்த்தார்கள். அடியைக் கூட்டியதே அந்தக் கேமராதானோ என்ற பேச்சும் அப்போது அடிபட்டது, முடிவுதான் வரவில்லை.

ஆக ஒரு நல்ல மவுண்ட்டுக்கு இரண்டு குணம் வேண்டும். காற்றுக்குக் கழலக் கூடாது, தரைக்குக் கழன்றே ஆக வேண்டும். நான் வாங்கியவற்றில் ஒன்று காற்றுக்கே கழன்றது. இன்னொன்று தரைக்கும் கழலாது என்று அஞ்சுகிறேன். எது எவ்வளவு வேகத்துக்கு, எத்தனை கிலோ இழுப்புக்குக் கழலும் என்று எந்தப் பெட்டியிலும் ஒரு வரி இல்லை. பசையின் வலிமை மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கடைத்தம்பி சொன்னது சரிதான்: கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது.

சட்டத்தையும் புரட்டினேன். ஹெல்மெட் என்பது வடிவம், பொருள், கட்டமைப்பு மூன்றாலும் காப்பாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், வாரால் தலையோடு இறுகக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது பிரிவு 129. இல்லாவிட்டால் 194டி-யின்படி 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் கையில் இருக்காது. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இருசக்கர வாகனத்துக்கென்று விற்கவே கூடாது. எல்லாம் சரி. ஆனால் தாங்கள் சோதனைக்கூடத்தில் மேலிருந்து போட்டுப் பார்ப்பது மொட்டை ஹெல்மெட்டை. ரோட்டில் ஓடுவது கலசம் வைத்த ஹெல்மெட், கொம்பு முளைத்த ஹெல்மெட், தாடி வளர்த்த ஹெல்மெட். ஐஎஸ்ஐ முத்திரைக்கு அடுத்த அங்குலத்தில் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒன்றை ஒட்டுகிறேன். அதற்குப் பிறகும் அந்த முத்திரை என்ன சொல்கிறது?

மாநிலங்களுக்கும் இதில் ஒரே கருத்து இல்லை. கேரள மோட்டார் வாகனத் துறை 2022-இல், ஹெல்மெட்டில் கேமரா மாட்டினால் நடவடிக்கை என்று அறிவித்தது. விபத்தில் முகத்தில் காயம் அதிகமாகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதனால் ஆரியங்காவு போகும்போது, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி எல்லையிலுள்ள புளியரையில் வண்டியை ஓரங்கட்டிக் கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைக்கிறேன். கேரளத் தரையில் விழுந்தால் முகம் கிழியும், தென்காசித் தரையில் விழுந்தால் கிழியாது என்றால் அதையாவது எழுத்துமூலம் தரலாம்.

தாடை மவுண்ட்டைக் கழற்றிய படலத்தையும் சொல்லிவிடுகிறேன். மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு ரம்பம் மாதிரி இழுத்து, முக்கால் மணி நேரம் ஆனது. அதே ஞாயிற்றுக்கிழமை, பின்சீட்டுக்காக ரோட்டோரத்தில் 350 ரூபாய்க்கு வாங்கிய ஹெல்மெட்டை ஈரத்துணியால் துடைத்தேன். ஐஎஸ்ஐ முத்திரை துணியோடு வந்துவிட்டது. கேமராவை ஒட்டும் பசையால் முத்திரையையும், முத்திரையை ஒட்டும் பசையால் கேமராவையும் ஒட்டச் சொல்லி ஓர் ஆணை பிறப்பித்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

மீதிப் பாதிக்கு என் வேண்டுகோள் சிறியது. ஹெல்மெட்டை மேலிருந்து போடும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேமராவை ஒட்டியும் போட்டுப் பாருங்கள். மவுண்ட் விற்பவர் எல்லோரும், எவ்வளவு இழுத்தால் அது கழலும் என்று பெட்டிமேல் ஒரு எண்ணை அச்சடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எண் பெரிதாக இருப்பது பெருமையில்லை என்று கடைத்தம்பிக்கும் புரிகிற தமிழில் இருந்தால் நல்லது.

போன வாரம் கத்திப்பாராவில் டிராஃபிக் காவலர் ஒருவர் என்னை நிறுத்தினார். எல்லாப் பேப்பரும் சரியாக இருந்தது. ஹெல்மெட்டில் பசை உரிந்த தழும்பைப் பார்த்து என்ன என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் சட்டையில் மாட்டியிருந்த கேமராவைத் தொட்டுக் காட்டினார். "கவர்மெண்டே நெஞ்சுலதான் சார் மாட்டியிருக்கு. நீங்க எதுக்குத் தலையில தூக்கி வெச்சுக்கிறீங்க?"

தங்கள் பதில் வரும்வரை நானும் நெஞ்சில்தான் மாட்டியிருக்கிறேன். குனிந்தால் இன்னமும் டேங்க் மூடி தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
58 செ.மீ. தலை.

இணைப்பு:
1) அரளிச் செடியிலிருந்து மீட்ட மவுண்ட் – 1.
2) ஈரத்துணியோடு வந்த ஐஎஸ்ஐ முத்திரை – 1 (அசலா போலியா என்று பார்த்துச் சொல்லவும், ஹெல்மெட் மனைவி தலையில் இருக்கிறது).