அரைப் பேர் ஸ்கொலர்ஷிப்

மார்க்கம், ஒன்டாரியோ
19.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

  நீ வாட்ஸ்அப்புல அனுப்பின குரல் பதிவோட நீளத்தைப் பார்த்து, யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு உன் தங்கச்சி பதறிட்டா. கடைசி வரைக்கும் கேட்ட பிறகுதான் தெரிஞ்சது, விஷயம் புட்போல்னு.

நுவரெலியாவுக்கு வந்த ஏஜென்ட் ஒருத்தர் மருமகன் ஆடுறதைப் பார்த்தாராம். மூணு லட்சம் கட்டினா வீடியோ எடுத்து அமெரிக்க யுனிவர்சிட்டிகளுக்கு அனுப்பி, முழு ஸ்கொலர்ஷிப் வாங்கித் தாரேன்னாராம். கட்டலாமான்னு கேக்குற. சரியான ஆளைத்தான் கேட்டிருக்க. அதே கடையில நான் உன் மருமகளுக்காக மாசத் தவணை கட்டுறேன். போன்ல சொன்னா பாதியில "சரி மச்சான், சரி மச்சான்"னு வெட்டிருவ. அதான் எழுதுறேன்.

முதல்ல இங்க பந்து விளையாடுற முறையைக் கேளு. நம்ம காலத்துல தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துல வெறுங்காலோட ஆடினோம். பந்து வச்சிருந்தவன் கேப்டன். பந்து தேயிலைக்குள்ள உருண்டா உதைச்சவனே கீழ் டிவிசன் வரைக்கும் இறங்கி எடுத்துட்டு வரணும். கட்டணம்னா அது ஒண்ணுதான். இங்க பிள்ளை பந்தைத் தொடுறதுக்கு முன்னாடி அப்பன் பேங்க் கார்டைத் தொடணும்.

கிளப்புக்கு வருஷக் கட்டணம். கிளப் சொல்ற கடையில, கிளப் சொல்ற நிறத்துல ரெண்டு செட் உடுப்பு, ஒரு மழைச்சட்டை, ஒரு பை. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வெளியில பனி. காத்தை ஊதி நிறுத்தின ஒரு பெரிய கூடாரத்துக்குள்ளதான் ஆட்டம். அந்தக் காத்துக்கும் காசு. எல்லை தாண்டி பஃபலோவுக்கு டோர்னமென்ட் போனா, நடத்துறவங்க காட்டுற ஹொட்டல்லதான் தங்கணும். சொந்தக்காரங்க வீட்டுத் தரையில பாய் போட்டுப் படுத்துக்கிறோம்னு சொல்லிப் பார்த்தேன். அப்படித் தங்கினா டீமுக்கு இடமில்லையாம்.

எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஏறக்குறைய 6000 கனடா டொலர். நம்ம ஊர்க் காசுல 13 லட்சம்னு வச்சுக்கோ. 2025ல ஒரு நாள் பேருக்கு, அதான் ஒரு நாள் சம்பளத்துக்கு, 1350 ரூபாய்னா, மலையில 950 பேருக்கு மேல போட்டாகணும். ஒரு ஆள் ஞாயிறு தவிர மழையிலும் வெயிலிலும் மூணு வருஷம் கொழுந்து எடுத்தாத்தான் ஒரு பிள்ளை ஒரு வருஷம் பந்து உதைக்கலாம். இந்தக் கணக்கை உன் தங்கச்சிக்கிட்ட சொன்னேன். "நீங்க எதைத்தான் கொழுந்துல அளக்காம இருந்தீங்க"ன்னுட்டா.

இவ்வளவு கட்டுறாங்களே, இந்த அப்பன்மாருக்குப் பைத்தியமான்னு நீ கேப்ப. இல்ல. எல்லாரும் கணக்குப் புலிகள். சனிக்கிழமை விடியக்காலையில மைதானத்து ஓரம் மடக்கு நாற்காலி போட்டு, கையில டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியோட உக்காந்திருப்பாங்க. பேச்சு ஒரே பேச்சுதான்: அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ., அதுல முதலாம் டிவிஷன், அதுல முழு ஸ்கொலர்ஷிப். எங்க டீம்ல ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர் இருக்கார். பிள்ளைக்குப் பந்து வந்தா "அடி பிள்ளை, அடி!"ன்னு கத்துவார், பந்து போனதும் என் பக்கம் திரும்பி, "தம்பி, இது செலவில்லைக் கண்டீரோ, முதலீடு" என்பார்.

அந்த நம்பிக்கை ஆகாசத்துல இருந்து விழல. அமெரிக்காவுல 1972ல டைட்டில் நைன்னு ஒரு சட்டம் வந்துச்சு. அரசாங்கக் காசு வாங்குற காலேஜ் ஆணுக்கும் பெண்ணுக்கும் பேதம் பார்க்கக் கூடாதுங்கிறது அதோட சாரம். அதனால பெண்கள் டீம்கள் பெருகிச்சு, ஸ்கொலர்ஷிப்பும் பெருகிச்சு. கனடா நாட்டு கிறிஸ்டின் சின்கிளேர் போர்ட்லண்ட் யுனிவர்சிட்டிக்கு ஆடித்தான் வளர்ந்தாங்க. சர்வதேச ஆட்டத்துல 190 கோல், உலகத்துலயே ஆணும் பெண்ணுமா யாரும் தொடாத கணக்கு. இங்க பக்கத்துல பிராம்ப்டன்ல வளர்ந்த கதீஷா புக்கானன் வெஸ்ட் வர்ஜீனியாவுல படிச்சு, 2016ம் வருஷத்துக்கான அமெரிக்கக் காலேஜ் புட்போலோட பெரிய விருதை வாங்கினாங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல இவங்க ரெண்டு பேரும் இருந்த டீம் தங்கம் அடிச்சதும், எங்க கிளப் வாசல்ல கியூ நீண்டு போச்சு.

இனிதான் நீ கவனமாக் கேக்கணும். மலையில நிர்ணயிச்ச கிலோக் கொழுந்தை எடுத்தா முழுப் பேர், குறைஞ்சா அரைப் பேர். இது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. காலேஜ் புட்போல்லயும் அதே கணக்குத்தான். பல வருஷமா முதலாம் டிவிஷன்ல ஒரு ஆண்கள் டீமுக்கு மொத்தம் 9.9 ஸ்கொலர்ஷிப், பெண்கள் டீமுக்கு 14. தலைக்கு ஒண்ணு இல்ல, முழு டீமுக்கும் சேர்த்து! டீம்ல இருபத்தெட்டுப் பேர் இருந்தா, கோச் இதைத் துண்டு துண்டா வெட்டிப் பங்கு வைப்பார். சராசரியாப் பார்த்தா பெண்ணுக்கு அரைப் பேர். ஆணுக்கு மூணுல ஒரு பங்கு. முன்வரிசை ஆட்டக்காரிக்குக் கூடுதலாக் குடுத்துட்டு, கடைசிப் பிள்ளைக்குப் புத்தகக் காசு மட்டும் குடுக்கிற கோச்மாரும் உண்டு. அந்தப் பிள்ளையோட அப்பனும் ஊருக்குப் போன் போட்டு "ஸ்கொலர்ஷிப் கிடைச்சிருச்சு"ன்னுதான் சொல்லுவார். பொய்யும் இல்ல.

2025 ஜூன்ல ஒரு பெரிய வழக்கு சமரசமாகி அந்த மேல்வரம்பை எடுத்துட்டாங்க. அதுல சேர்ற காலேஜ்கள் இனிமே டீமுக்கு 28 பேர் வரைக்கும் வச்சுக்கலாம், விரும்பினா அத்தனை பேருக்கும் முழுசாவே குடுக்கலாம். யாழ்ப்பாணத்து அண்ணர் அன்னைக்கு எல்லாருக்கும் டோனட் வாங்கிக் குடுத்தார். விரும்பினா! காசு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்கணும் மச்சான். ஹெல்மெட் போட்டு மோதுற அமெரிக்கப் புட்போல், கூடைப்பந்து, அந்த ரெண்டும்தான் அங்க சம்பாதிக்கிற பிள்ளைகள். நம்ம புட்போல் பந்தியில கடைசி வரிசை.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். என்.சி.ஏ.ஏ.வோட மூணாம் டிவிஷன்லதான் ஆகக் கூடுதலான காலேஜ்கள் இருக்கு. அங்க விளையாட்டுக்குன்னு ஒரு சதமும் கிடையாது. ஹார்வர்ட், யேல் மாதிரி ஐவி லீக் எட்டுலயும் கிடையாது. கனடா யுனிவர்சிட்டியில விளையாட்டு உதவி, படிப்புக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணத்தையும் தாண்டக் கூடாது. எல்லா விளையாட்டும் சேர்த்து, அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்ல ஆடுற பிள்ளைகள்ல நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் ஸ்கொலர்ஷிப்னு என்.சி.ஏ.ஏ.வே சொல்லுது.

பத்தாம் வகுப்பு முடிஞ்சு வர்ற ஜூன் 15க்கு முன்னாடி முதலாம் டிவிஷன் கோச் பிள்ளைக்கிட்ட நேராப் பேசக் கூடாதுன்னு ஒரு விதி. உன் மருமக இப்ப ஒன்பதாம் வகுப்பு. அதனால என்ன, நாம கடிதம் போடலாம். அவளும் பல காலேஜுக்குப் போட்டா. பதிலும் வந்துச்சு: "உன் ஆர்வம் எங்களை மகிழ்விக்கிறது. எங்கள் கோடை முகாமுக்கு வா." அடியில கட்டண விவரம். கிளப்புக்குக் கட்டினோம், ஹொட்டலுக்குக் கட்டினோம், இப்ப நம்மளைத் தேர்ந்தெடுக்கப் போறவருக்கும் நாமதான் கட்டணுமாம்.

இதைவிடச் சுத்தமா வியாபாரம் பண்ணினவங்களும் இருந்தாங்க. 2019 மார்ச்ல அமெரிக்க அரசாங்கம் பெரிய மோசடி ஒண்ணைப் பிடிச்சுச்சு. ரிக் சிங்கர்னு ஒரு தரகர். யேல் பெண்கள் புட்போல் கோச் ரூடி மெரிடித், போட்டிப் புட்போல் ஆடாத ஒரு பொண்ணை டீமுக்கு எடுத்த ஆட்டக்காரின்னு காட்டி யுனிவர்சிட்டிக்குள்ள விட்டார். அதுக்காகத் தரகர்கிட்ட இருந்து கோச்சுக்குப் போன செக் 4 லட்சம் டொலர். அந்தக் குடும்பம் தரகருக்குக் குடுத்தது மொத்தம் 12 லட்சம் டொலர். பிறகு கோச் ஜெயிலுக்குப் போனார். பாரு, பணத்தைக் கட்டி நிச்சயமாக் காலேஜுக்குள்ள போனவங்க பந்தே ஆடல. உண்மையா ஆடுற பிள்ளைகளோட அப்பன்மார் நாங்க இன்னும் கூடாரத்துக் காத்துக்குக் கட்டிக்கிட்டிருக்கோம்.

கனடாவோட ஆகப் பெரிய ஆட்டக்காரர் அல்போன்சோ டேவிஸ் கதை தெரியுமா? கானாவுல அகதி முகாம்ல பிறந்த பையன். எட்மன்டன்ல, வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு இலவசமா நடத்துற ஃப்ரீ ஃபூட்டிங்கிற லீக்ல ஆடினான். உடுப்பும் பஸ்ஸும் அவங்களே குடுத்தாங்க. அங்க கோச் கண்ல பட்டு, பதினாலு பதினஞ்சு வயசுல வன்கூவர் போய், 2018ல பயர்ன் மியூனிக் அவனை வாங்கிருச்சு. காலேஜ் பக்கமே போகல. இதை நான் மைதானத்து ஓரத்துல எடுத்துச் சொன்னா யாரும் காதுல வாங்கல. காசில்லாம வளர்ந்தவன் கதை, தவணை கட்டுறவங்களுக்கு ருசிக்காது.

இப்ப மருமகன் விஷயம். வெளிநாட்டுப் பையன்களை அமெரிக்கக் காலேஜ் எடுக்கிறது மெய்தான். 2021ல முதலாம் டிவிஷன் கோப்பை அடிச்ச மார்ஷல் யுனிவர்சிட்டி டீம்ல பெரும்பாலும் வெளிநாட்டுப் பையன்கள்தான். ஆனா அப்படி வர்றவங்கள்ல பலர் ஐரோப்பாவுல பெரிய கிளப்புகளோட பயிற்சிப் பள்ளியில வருஷக் கணக்கா வளர்ந்தவங்க. நம்ம பையன் மேட்டுல ஏறுறதைப் பார்த்தா அவங்களுக்கு மூச்சு வாங்கும், அது வேற கதை. 6000 அடிக்கு மேல இருக்கிற ஊர்ல பிறந்த நுரையீரல். பணக்கார டீம்கள் உயரத்துல பயிற்சி எடுக்கணும்னு காசு கட்டி மலைக்குப் போறாங்க. நம்ம பிள்ளைக்கு லயத்துல இருந்து பள்ளிக்கூடம் போய் வந்தாலே அது முடிஞ்சுது.

சரி, ஒரு கோச் எடுத்துட்டார்னே வை. அரைப் பேர்தான் குடுப்பார். மிச்ச அரையை யார் போடுறது? அதுவும் டொலர்ல. விசா கேக்குறப்ப முதல் வருஷச் செலவுக்கு வழியிருக்குன்னு பேங்க் கணக்கைக் காட்டணும். பள்ளிக்கூட மார்க்கையும் என்.சி.ஏ.ஏ. தனியா நோண்டிப் பார்க்கும். ஏஜென்ட் இதையெல்லாம் சொன்னாரா? சொல்லியிருந்தா மூணு லட்சம் கேட்டிருக்க மாட்டார். வீடியோவை மருமகனே போன்ல எடுத்து கோச்மாருக்கு அனுப்பலாம். அவங்க முகவரி எல்லாம் யுனிவர்சிட்டி இணையப் பக்கத்துலயே இருக்கு, செலவு டேட்டா மட்டும்.

நம்ம நாட்டுல 1945ல இருந்து படிப்பு இலவசம். ஏ.எல். எழுதி இசட் புள்ளி வந்தா யுனிவர்சிட்டியில கட்டணம் கேக்க ஆள் இல்ல. பெரும்பாலான பாடநெறிகள்ல 40 வீத இடம் நாடு முழுக்கத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்ச 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. அதுல நுவரெலியாவும் உண்டு. அதாவது, அங்க இருக்கிறது முழுப் பேர் மச்சான். அதை விட்டுட்டு அரைப் பேருக்குக் கடல் தாண்டப் பார்க்கிற.

அப்ப நீ ஏன் கட்டுறன்னு திருப்பிக் கேப்ப. நியாயம். உன் மருமக ஆட்டம் முடிஞ்சு வர்றப்ப முழங்காலெல்லாம் புல்லு, வாய் நிறையச் சண்டை. அந்த ரெஃப்ரி குருடு, இந்தப் பிள்ளை பந்து குடுக்கல. இந்தப் பனிநாட்டுல அவளுக்குக் கிடைச்ச சந்தோஷம் அது. சந்தோஷத்துக்குக் கட்டுறேன், சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தவன் லாபம் கேக்க மாட்டான். யுனிவர்சிட்டிக்கு வேற கணக்குல தனியாச் சேர்க்கிறோம். ஸ்கொலர்ஷிப் வந்தா உன் தங்கச்சி டோனட் வாங்கிக் குடுப்பா.

அதனால ஏஜென்ட்டுக்கு ஒரு சதமும் குடுக்காத. அந்தக் காசுல மருமகனைக் கணக்கு டியூசன்ல சேர்த்து விடு. பின்னேரம் பந்து ஆடுறதையும் நிறுத்தாத, ரெண்டும் சேர்ந்து ஓடட்டும். கால் அளவை அனுப்பு, டிசம்பர்ல ஒருத்தர் ஊருக்கு வர்றார், நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி குடுத்து விடுறேன். அளவை ஒரு விரல் கூட்டியே சொல்லு, அவன் வளர்ற பிள்ளை. வர்றவர் திரும்புறப்ப நம்ம ஸ்டோர்த் தூள் ரெண்டு கிலோ கட்டாயம். உன் தங்கச்சி கேட்டது ஒரு கட்டு லீக்ஸ். அதை ஏர்போர்ட்ல பறிச்சிருவாங்கன்னு நீயே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிடு.

இப்படிக்கு,
உன் மச்சான்