சீனியைக் கைவிடுதல்: திரியாய்க் களத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சனவரி முதலாம் திகதி தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தியவர் தைப்பொங்கலன்று எப்படி அதனோடு திரும்பச் சேருகிறார் என்பதே இவ்வாய்வின் வினா. களம், குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையிலுள்ள வயற்கிராமமான திரியாய். கருவி, தேத்தண்ணிக்கடை வாங்கு. எழுத்துச் சான்றுகளையும் விடவில்லை: இவ்வூர்க் கந்தசாமி மலையில் பல்லவ கிரந்தத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு வணிகர் குழுக்களைப் பேசுகிறது, சீனியைப் பேசவில்லை.

பழக்கம் பதிய 21 நாள் போதும் என்ற பேச்சுக்கு மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சத்திர சிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிய நூல். அவர் பார்த்தது நோயாளிகள் தங்கள் புது மூக்குக்குப் பழகுவதை. 2010இல் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு வேறு: நடுவாக 66 நாள், ஆளுக்கேற்ப 18 முதல் 254 வரை. சனவரி 1இல் தொடங்கினால் 14ஆம் அல்லது 15ஆம் திகதி சர்க்கரைப் பொங்கல் வந்து நிற்கும். அதிவேக மனிதருக்கே 18 நாள் வேண்டும். ஆகவே குற்றம் மனவுறுதியில் இல்லை, பஞ்சாங்கத்தில்.

பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இடையே சுமார் 90 நாள் உண்டே என்பீர்கள். உண்டு. நடுவில் பெரும்போக அறுவடையும் உண்டு. வயலுக்குத் தேத்தண்ணி கேத்திலில், சீனி கரைத்தே வரும். வெயிலில் நிற்பவரிடம் கொள்கை பேச முடியாது.

வாங்கில் கிடைத்த முதன்மைத் தரவு இது. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே பிளேன்ரீ குடித்த ஒரு மாமாவிடம் விசாரித்தேன்.

"தம்பி, தேத்தண்ணிக்குத்தான் போடுறேல்லை எண்டனான். கைக்கு என்ன?"

லாலி குழு, ஒரு நாள் தவறினால் பழக்கம் பெரிதாகக் கெடாது என்றும் கண்டது. இதை மாமாவுக்குச் சொன்னது ஆய்வு நெறிக்குப் புறம்பு. மறுநாளே அதை மேற்கோள் காட்டினார்.

இதே மாமா ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் தவறாதவர். 1999இல் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே குறித்த தீர்மானம் கூடுதலாக நிறைவேறும் என்று எழுதினார். சஷ்டியில் அம்மூன்றும் குறித்தாயிற்று. நாலாவதாக ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், அது கோல்விட்சர் கணக்கில் வராதது.

தேத்தண்ணிக்கும் அப்படி இடத்தையும் வேளையையும் குறிக்கலாம், ஊர் பார்க்கும் இடம் வயல். எனவே அறுவடை வீட்டாரிடம் ஒரு விண்ணப்பம்: ஒரு கேத்திலையாவது சீனி போடாமல் அனுப்புங்கள், சீனிப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டு.